விளிம்பை எறிகிறவர்களில் பிழையில்லை

எந்தப் பிறந்தநாள் விழாவிலும் சாப்பாடு முடிந்த பிறகு மேசையைப் பாருங்கள். காகிதத் தட்டுகளில் பீட்சா விளிம்புகள் கிடக்கும். சீஸ் இருந்த இடம்வரை கடித்துவிட்டு மிச்சத்தை வைத்துவிட்டு எழும்பியிருப்பார்கள். உடனே பெரியவர்கள் தொடங்குவார்கள்: "சாப்பாட்டை எறியாதேங்கோ. ஊரில நாங்கள் பாணுக்கு வரிசையில நிண்டனாங்கள்."

அந்த வரிசை உண்மை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வழக்கில் நான் பிள்ளைகளின் பக்கம். விளிம்பை எறிகிறவர்களில் பிழையில்லை, விளிம்பில் ருசியில்லை. பீட்சா என்பது முதலில் ஒரு பாண். சும்மா தின்ன முடியாத பாணுக்கு மேல் என்னத்தைக் கொட்டினாலும் அது நல்ல பீட்சா ஆகாது.

கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் விளிம்பைத் தொட்டுத் தின்னத் தனியாக ஒரு சோஸ் விற்கிறார்கள், விளிம்புக்குள் சீஸைச் சுருட்டி வைக்கிறார்கள், பூண்டு வெண்ணெய் தடவுகிறார்கள். வீட்டிலும் நாங்கள் அதையே பின்பற்றுகிறோம். ஒரு பக்கெற் ஈஸ்ட் முழுவதும், இரண்டு கரண்டி சீனி, சுடுதண்ணீர், ஒரு மணித்தியாலம். பொங்கிவிட்டது, தட்டு, சுடு! பிறகு "கடையில வாங்கினது மாதிரி இல்லை" என்று முகத்தைச் சுளிக்கிறோம்.

பொங்குவது வேறு, ருசி வருவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

ஈஸ்டை அள்ளிப் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் வாயு நிறையும், மா இரண்டு மடங்காகும். ஆனால் மாவில் உள்ள நொதியங்களுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்காது. நேரம் கொடுத்தால் அவை மாப்பொருளை உடைத்துச் சீனியாக்கும், புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாக்கும். கூடவே மெல்லிய புளிப்பும் வரும். அந்தச் சீனியும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேரும்போதுதான் பொன்னிறமும் வறுத்த வாசமும் வருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912இல் விவரித்த வினை இது. கரண்டியால் சீனி போட்டால் நிறம் வரும். ஆனால் நேரம் கொண்டுவரும் ருசியைச் சீனி கொண்டுவராது.

"இதெல்லாம் வெள்ளைக்காரரின் விளையாட்டு" என்று சொல்லப் போகிறீர்களா? உங்கள் வீட்டுத் தோசை மாவைக் கேளுங்கள். உழுந்தை ஊறவைத்து, அரைத்து, இரவு முழுக்க வைத்தால்தானே தோசை? குளிர்காலத்தில் மா புளிக்காது என்று ஓவனுக்குள் வைத்து, விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் படுக்கிற அம்மாக்கள் எத்தனை பேர்! அப்பத்துக்கும் அதே பொறுமை. ஒரு மணித்தியாலத்தில் புளிக்காத தோசை சுட்டுத் தந்தால் வீட்டில் எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். தோசைக்குக் கொடுக்கிற மரியாதையைப் பீட்சாவுக்கு ஏன் கொடுப்பதில்லை? அது எங்கள் சாப்பாடு இல்லை என்பதாலா? ஸ்கார்பரோவில் பிறந்த எனக்கு இரண்டுமே என் சாப்பாடுதான். உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

நாப்போலிக்காரர்களைப் பாருங்கள். அவர்களின் பீட்சாவை ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் பாரம்பரியச் செய்முறையாகப் பதிந்தது. பீட்சா சுடும் அந்தக் கலையை யுனெஸ்கோ 2017இல் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்த மாவில் இருப்பவை நான்கே: கோதுமை மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். சீனியுமில்லை, பூண்டுத்தூளுமில்லை.

"எங்களுக்கு நேரம் எங்கே?" என்பதுதான் அடுத்த வாதம். பள்ளிக்கூடம், பகுதிநேர வேலை, இரண்டு வேலை செய்கிற அப்பா அம்மா. இதை நான் சின்னதாக எடுக்கவில்லை. ஆனால் நேரத்தைக் கொடுப்பது நீங்களில்லை, பிரிட்ஜ்தான். உங்கள் கைவேலை 10 நிமிடம். குழைக்கக்கூடப் பஞ்சியா? நியூயோர்க் பேக்கரிக்காரர் ஜிம் லாஹேயின் குழைக்காத பாண் 2006இல் நியூயோர்க் டைம்ஸில் வந்தது. கால் தேக்கரண்டி ஈஸ்ட், கிட்டத்தட்ட 18 மணித்தியாலக் காத்திருப்பு, அவ்வளவுதான். குழைக்கிற வேலையை நேரமே செய்துவிடும். உண்மையில் குறைவது நேரமில்லை, இரண்டு நாள் முன்கூட்டி யோசிக்கிற பழக்கம்.

வாதம் மட்டும் வயிற்றை நிரப்பாது. கணக்கு இதோ:

500 கிராம் பாண் மா. கனடாவின் சாதாரண வெள்ளை மாவும் போதும். பையைத் திருப்பிப் பாருங்கள், 30 கிராமுக்கு 4 கிராம் புரதம் இருந்தால் நல்லது. 325 கிராம் குளிர்ந்த தண்ணீர். 12 கிராம் உப்பு. தூள் உப்பென்றால் 2 தேக்கரண்டி. உடனடி ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி மட்டும். பக்கெற்றில் மிச்சமிருப்பதைக் கட்டி வையுங்கள், அடுத்த கிழமைக்கு உதவும்.

எல்லாவற்றையும் கலந்து 20 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு 5 நிமிடம் குழைத்து, மூன்று உருண்டையாக்கி, எண்ணெய் தடவிய மூடிப் பெட்டிகளில் பிரிட்ஜில் வையுங்கள். குறைந்தது 24 மணித்தியாலம், 48 ஆனால் இன்னும் நல்லது, 72 வரை தாங்கும். சுடுவதற்கு ஒன்றரை மணித்தியாலம் முன்பு வெளியே எடுங்கள். உருளைக்கட்டையைத் தொடவேண்டாம், இரண்டு நாள் சேர்ந்த காற்றை ஒரே நிமிடத்தில் அது நசுக்கிவிடும். நடுவிலிருந்து விரலால் அழுத்தி, ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு விட்டுவிடுங்கள்.

இனிச் சூடு. நாப்போலி விறகு அடுப்பு 430 முதல் 485 பாகை செல்சியஸ் வரை போகும். பீட்சா 60 முதல் 90 செக்கனில் வெந்துவிடும். எங்கள் வீட்டு ஓவன் 260 தாண்டுவதே பெரிய விஷயம். அதனால் தடித்த இரும்புத் தட்டையோ பீட்சாக் கல்லையோ உள்ளே வைத்து, முழுச் சூட்டில் 45 நிமிடம் காயவிடுங்கள். குளிர்ந்த தட்டில் மாவை வைத்தால் அது வேகாது, காயும்; சில வீடுகளில் விளிம்பு பிஸ்கற் மாதிரி இருப்பது அதனால்தான். மாவுக்கு அடியில் கொஞ்சம் ரவை தூவினால் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். ரவை இல்லாத தமிழ் வீடு எங்கே இருக்கிறது?

ஒரு மாவுக்கு ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்பீர்கள். எங்களில் நிறையப் பேர் ஒரு நம்பிக்கையோடு வளர்கிறோம்: பெட்டியில் வருவது உயர்ந்தது, வீட்டில் செய்வது அதன் மலிவான நகல். இரவு வேலை முடித்து வந்து பீட்சா தட்டுகிற அம்மாவிடம் அதை முகத்துக்கு நேரே சொல்லியும் விடுகிறோம். இதோ இந்த மா, மூன்று பீட்சாவுக்குரியது, ஒரு கடைத் துண்டின் விலைகூட வராது. ருசியில் அந்தத் துண்டைத் தோற்கடிக்கும். நாளைக்கு நீங்கள் பல்கலைக்கழகத்துக்கு வேறு ஊர் போய், சிறிய அறையில் பழைய ஓவனோடு இருக்கும்போது, மாவும் உப்பும் தண்ணீரும் போதும் என்று தெரிந்தவர் பசிக்குப் பயப்படமாட்டார். கையில் காசு குறைந்த மாதத்திலும் நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்.

ஆகவே அம்மாவைக் கேட்காதீர்கள், நீங்களே செய்யுங்கள். வியாழன் இரவு குழையுங்கள், சனி பின்னேரம் சுடுங்கள். முதல் பீட்சாவில் எதுவுமே போடவேண்டாம்; கொஞ்சம் ஒலிவ் எண்ணெயும் உப்பும் போதும். முதல் துண்டை, விளிம்போடு, அம்மாவுக்குக் கொடுங்கள்.