பகிடிக்குப் பார்த்தாலும் படம் படம்தான்

2022 இல் விஜய்யின் 'பீஸ்ட்' வந்தபோது, 'அரபிக் குத்து' பாடலை மொனராகலையில் நம் பிள்ளைகளும் பாடித் திரிந்தார்கள். அரபுபோல் ஒலிக்கும் அந்தப் பொருளற்ற வரிகளைக் கேட்டு நானும் சிரித்தேன். அதே படத்தில் வணிக வளாகத்தைக் கைப்பற்றும் பயங்கரவாதிகள் முஸ்லிம்கள். குவைத் அதைத் தடைசெய்தது.

"சும்மா பகிடிக்குத்தானே பார்க்கிறோம்" என்கிறார்கள் இளைஞர்கள். உண்மைதான். ஆனால் அயலவர் மனதில் தங்குவது நம் பகிடியல்ல, அந்த முகங்கள். சந்தேகக் கண் என்ன செய்யும் என்பதை 2019 மே மாதம் ஹசலகவில் கண்டோம்: ஆடையிலிருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைதுசெய்தார்கள்.

தடை கேட்கவில்லை. சிரிப்போம், எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கும் அயலவருக்கும் வாய்திறந்து சொல்வோம்.