திங்கட்கிழமைப் பக்கத்தில் மறையும் சனி, ஞாயிறு

எமது வர்த்தகர்களில் பலர் நாளாந்த விற்பனையை ஒழுங்காக எழுதி வருகின்றனர். ஆனால் வார இறுதி வந்ததும் அந்த ஒழுங்கு தளர்ந்து விடுகிறது. வங்கி மூடியிருக்கிறது, கணக்கு எழுதுபவர் லீவில் போய்விட்டார் என்று சனி, ஞாயிறு விற்பனை முழுவதையும் திங்கட்கிழமைப் பக்கத்தில் ஒரே தொகையாகப் பதிகின்றனர். "மொத்தம் சரிதானே, எந்த நாளில் எழுதினால் என்ன?" என்று கேட்போரும் உள்ளனர்.

ஒரு கடையில் சனி 80,000, ஞாயிறு 65,000, திங்கள் 45,000 ரூபா விற்பனை என்று வைத்துக்கொள்வோம். கொப்பியில் திங்களுக்கு 190,000 என்றிருக்கும். அதைப் பார்க்கும் முதலாளி திங்கட்கிழமைதான் நல்ல வியாபாரம் என்று நம்பி, அன்றைக்குச் சரக்கைக் குவித்து, சனிக்கிழமை ஊழியருக்கு லீவு கொடுப்பார். உண்மையில் அவரது மந்தமான நாளே திங்கள்தான்.

சராசரியிலும் இதே தவறு நடக்கிறது. ஞாயிறு மூடும் கடையின் வார விற்பனை 300,000 ரூபா என்றால், 7 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42,850 வரும். திறந்திருந்த 6 நாட்களால் வகுத்தால் 50,000 வரும். எனவே மூடிய நாளுக்குப் பூச்சியம் போடாமல் "மூடப்பட்டது" என்று எழுத வேண்டும். போயா தினத்துக்கும் இதுவே விதி. ஜும்ஆவுக்காகக் கடை மூடும் வெள்ளிக்கிழமையை இன்னொரு வெள்ளிக்கிழமையுடன் ஒப்பிடுவதே நியாயம்.

எமது நாட்டில் 1966 முதல் 1971 வரை சனி, ஞாயிறுக்குப் பதிலாகப் போயாவும் அதற்கு முந்திய நாளுமே வார விடுமுறையாக இருந்தன. விடுமுறை மாறினால் வியாபாரத்தின் போக்கும் மாறும் என்பதை அன்று கடை நடத்திய மூத்தவர்கள் அறிவர். நோன்பு கால வியாபாரமும் அப்படித்தான். இலங்கையில் ரமழான் 2024 இல் மார்ச் 12 ஆம் திகதியும், 2025 இல் மார்ச் 2 ஆம் திகதியும் ஆரம்பமானது. மார்ச் 5 ஐ மார்ச் 5 உடன் ஒப்பிட்டவருக்கு 2025 இல் கிடைத்தது பொய்க் கணக்கே. நோன்பு நாளை நோன்பு நாளுடன்தான் ஒப்பிட வேண்டும்.

விற்ற நாள் வேறு, பணம் வந்த நாள் வேறு. வெள்ளிக்கிழமை வைப்பிலிட்ட காசோலை வழமையாகத் திங்கட்கிழமைதான் பணமாகிறது. ஆனால் 2015 இல் அறிமுகமான உடனடிப் பணமாற்று முறையில் ஞாயிற்றுக்கிழமையும் பணம் வந்து சேர்கிறது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி நிரல் வேண்டும்.

இது வெறும் இலக்க விவகாரமல்ல. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் சனி, ஞாயிறு கணக்கை ஒன்றாகக் கூட்டியபோது 18,000 ரூபா குறைந்தது. எந்த நாளில் குறைந்தது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. லாச்சியைப் பொறுப்பேற்றிருந்த இரு இளைஞர்கள் மீதும் சந்தேகம் விழுந்தது. மனம் நொந்த ஒருவர் வேலையை விட்டே போய்விட்டார். சனிக்கிழமை சரக்கு கொண்டு வந்தவருக்கு முதலாளியே லாச்சியிலிருந்து கொடுத்து, எழுத மறந்த பணம் அது என்பது பின்னர்தான் தெரிய வந்தது. அன்றிரவே லாச்சியை எண்ணியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் விடயம்.

ஊழியரின் மானமும் முதலாளியிடமுள்ள ஓர் அமானிதமே. கடை பூட்டும்போது அன்றைய தொகையை அன்றைய திகதியில் எழுதுங்கள். வங்கி திங்கட்கிழமை திறக்கட்டும்; கொப்பி சனிக்கிழமையே திறந்திருக்கட்டும்.