கணக்கில் வராத காலனி

எங்கள் காலனிக்கு ஏன் பேருந்து வரவில்லை என்று கேட்டால், 'போதிய பயணிகள் இல்லை' என்கிறார்கள். பேருந்தே வராத இடத்தில் பயணி எங்கிருந்து வருவார்?

ஒரு காலத்தில் பேருந்து வந்தது. நம்மை ஏற்ற மறுத்தார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடர்களை ஏற்றாத பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். அன்று தடுத்தவரைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இன்று தடுப்பது ஒரு கணக்கு.

அதன் பெயர் 'பயணத் தேவை மாதிரி'. ஒரு வட்டாரத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, எங்கிருந்து எங்கே, எத்தனை பேர், எந்த வண்டியில் போவார்கள் என்று கணிப்பொறியில் கணிப்பது. புதிய வழித்தடம் தேவையா என்று முடிவெடுக்க இத்தகைய கணக்குகள் உதவுகின்றன. காலத்துக்கு ஏற்ப அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால், எதைப் புதுப்பிப்பது?

வட்டார அளவிலான கணக்கில் ஒரு பகுதி என்பது பெரும்பாலும் ஒரு முழுக் கிராமம், அல்லது அதைவிடப் பெரியது. அங்குள்ள எல்லோரும் ஒரே புள்ளியில் வசிப்பதாக அது வைத்துக்கொள்ளும். ஊரில் நிறுத்தம் இருந்தால் காலனிக்கும் பேருந்து உண்டு என்றாகிவிடும். இடையில் உள்ள தூரமும், ஊர்த்தெருவைக் கடக்கும் சங்கடமும் அதற்குத் தெரியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்ற விவரம் 'பிற தொழிலாளர்'களுக்கு மட்டுமே திரட்டப்பட்டது. விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் அதில் இல்லை. களையெடுக்கவும் நாற்று நடவும் பல மைல் போகும் நம் பெண்களின் பயணம் எந்த அட்டவணையிலும் ஏறவில்லை.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பயணச்சீட்டுகளின் எண்ணிக்கை நல்ல தகவல்தான். ஆனால், அது ஏறியவரை எண்ணும். நடந்தே போனவரை எண்ணாது. பேருந்து இல்லாததால் கல்லூரிப் படிப்பைக் கைவிட்ட மாணவியை எண்ணவே எண்ணாது.

எனவே, பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதுவது புதுப்பித்தல் ஆகாது. காலனியைத் தனிப் பகுதியாக எண்ண வேண்டும். கூலி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போவோரிடம் கேட்க வேண்டும். 'எப்படிப் போகிறீர்கள்' என்பதோடு, 'பேருந்து வந்தால் எங்கே போவீர்கள்' என்றும் கேட்க வேண்டும். மினி பஸ் தடங்களை முடிவு செய்யும்போதும் இதே அளவுகோல் வேண்டும்.

மாணவர்களே, அதிகாரிகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டு எடுங்கள். உங்கள் காலனியில் யார், எந்த நேரத்தில், எங்கே, எப்படிப் போகிறார்கள் என்று வீடு வீடாக எழுதுங்கள். போக முடியாமல் நின்றவர்களையும் எழுதுங்கள். அதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். 'பயணிகள் இல்லை' என்பவர்களுக்கு அந்த நோட்டே பதில் சொல்லட்டும்.