ஸ்பிறிங்கை இறுக்கினால் துள்ளல் அடங்குமா?

வயலுக்கு உரமூட்டை, சந்தைக்கு மரக்கறி, பள்ளிக்குப் பிள்ளைகள் என்று எல்லாச் சுமையும் இன்று மோட்டார் சைக்கிளின் மேல்தான். வண்டிலையும் மாட்டையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே வண்டிலும் மாடும். அது கிறவல் வீதியில் துள்ளத் தொடங்கியதும் நாம் கராஜுக்குப் போய், பின் ஸ்பிறிங்கை இறுக்கச் சொல்கிறோம். இது பிழையான வைத்தியம் என்பதே எமது கருத்து.

ஸ்பிறிங் அடியை வாங்கிக்கொண்டு உடனே திருப்பித் தள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவது சொக் அப்சோபருக்குள் இருக்கும் ஒயில். உள்ளே பிஸ்டன் அசையும்போது ஒயில் சிறு துவாரங்களினூடாக நெருக்கிக்கொண்டு போகிறது. துள்ளும் விசை அங்கே வெப்பமாக மாறிவிடுகிறது. ஒயில் குறைந்தால் அல்லது பழுதாகி நீர்த்தால் அடக்க எதுவுமில்லை. அந்நேரம் ஸ்பிறிங்கை இறுக்குவது, நாணயக்கயிறு அறுந்த மாட்டைத் துவரங்கம்பால் அடிப்பது போன்றது.

பின் சொக்கில் உள்ள படிகள், பல வண்டிகளில் 5, சுமைக்கானவை. 50 கிலோ மூட்டை ஏற்றும் நாளில் இரு பக்கமும் ஒரே அளவாகக் கூட்டுங்கள். இறக்கியபின் பழைய படிக்கே கொண்டுவாருங்கள். துள்ளலை அடக்கும் தனித் திருகாணி விலைகூடிய வண்டிகளில்தான் உண்டு.

முன்பக்கத்தைச் சோதிக்கக் காசு வேண்டாம். முன் பிறேக்கைப் பிடித்தபடி ஹாண்டிலை அழுத்திவிடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றால் நல்லது. இரண்டு மூன்று தரம் ஆடினால் ஒயில் மாற்ற வேண்டும். சாதாரண வண்டிகள் பலவற்றுக்கு 10 ஆம் இலக்கப் போர்க் ஒயில் போதும். எப்போதும் சுமையோடு ஓடுபவர் 15 ஊற்றிப் பார்க்கலாம். அளவு வண்டியின் கைநூலில் இருக்கும். இரு குழாய்க்கும் ஒரே அளவு ஊற்றவேண்டும். மேல்மூடியைக் கழற்றும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், உள்ளே ஸ்பிறிங் அழுத்தத்தோடு இருக்கிறது.

1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்கள் நாம். கிடைத்ததைக்கொண்டு சமாளிக்கும் கெட்டித்தனம் எமக்கு உண்டு. ஆனால் 40 ஆம் இலக்க என்ஜின் ஒயிலை முன்குழாயில் ஊற்றுவதை ஏற்க முடியாது. தடித்த ஒயிலில் சில்லு ஒரு பள்ளத்தில் மேலேறினால், அடுத்த பள்ளம் வருமுன் கீழிறங்காது. அலையலையாகக் கிடக்கும் வீதியில் முன்பக்கம் தாழ்ந்துகொண்டே போய், கடைசியில் அடி முழுவதும் கைக்கே வரும்.

முன்குழாயில் ஒயில் கசிந்து புழுதி ஒட்டியிருந்தால் வேறு வேலைகளைத் தள்ளிவைத்து சீலை மாற்றுங்கள். அந்த ஒயில் வழிந்து பிறேக்கில் பட்டால், பின்னால் பிள்ளை இருக்கும்போது வண்டி நிற்காது.