பொருட்காட்சிக்குச் சொந்த மண்டபம் வேண்டுமா?

சொந்தமாக ஒரு பெரிய பொருட்காட்சி மண்டபம் கட்டவேண்டும் என்ற ஆவல் நம் சங்கங்கள் சிலவற்றில் எழுந்துள்ளது. நாம் அண்மையில் பார்வையிட்ட நெசவாளர் சங்கம் ஒன்றில், சேமநிதியையே இதற்கு எடுத்துவிடலாம் என்று நிர்வாக சபையில் பேச்சு நடந்தது. ஆவலைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் இத்தகைய மண்டபங்களுள் பெயர்பெற்ற லண்டன் கிறிஸ்டல் பாலஸின் வரலாற்றை அறிந்தபின் மகாசபை முடிவு செய்வது நலம்.

1851-இல் ஹைட் பார்க்கில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக எழுந்த கட்டடம் அது. தோட்டக்கலை வல்லுநரான ஜோசப் பாக்ஸ்டன், செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டிப் பழகியவர். இரும்பும் மரமும் கண்ணாடியும் கொண்டு ஏறத்தாழ 1,850 அடி நீளத்தில் அதை வகுத்தார். அங்கு நின்ற பெருமரங்கள் சிலவற்றை வெட்டாமல் கூரைக்குள்ளேயே நிற்கவிட்டனர். மே முதல் அக்டோபர் வரை சுமார் 60 லட்சம் பேர் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒரு ஷில்லிங் கட்டண நாட்களில் வந்தவர்களே. செலவு போக ஏறத்தாழ 1,86,000 பவுன் மிஞ்சியது.

நம் நாட்டுத் துணிகளும் அங்கு இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டு சென்ற அவற்றின் வண்ணப் பொருத்தத்தை ஓவன் ஜோன்ஸ் போன்ற கலைவல்லார் வியந்து போற்றினர். நெய்தவர்களோ கம்பெனியின் பெயருக்குப் பின்னால் மறைந்து போயினர். பொருள்களின்மீது விலை எழுதி வைக்கவும் அங்கு அனுமதி இல்லை. பெயரும் இன்றி விலையும் இன்றி வைக்கப்படும் சேலையால் தறிக்காரர் வீட்டில் உலை கொதிக்குமா?

பொருட்காட்சி முடிந்ததும் ஒரு கம்பெனி அக்கட்டடத்தை வாங்கிப் பிரித்து, சிடன்ஹாமில் இன்னும் பெரிதாக எழுப்பி, 1854-இல் திறந்தது. தொல்லை அங்கேதான் தொடங்கியது. பொருட்காட்சி ஆறு திங்களில் முடிந்துவிடும். மண்டபமோ ஆண்டு முழுதும் தன் செலவுக்குத் தானே தேடியாகவேண்டும். இசை விழாக்கள், மலர்க் கண்காட்சிகள், வாணவேடிக்கை, 1871-இல் பூனைக் காட்சிகூட (நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை) நடத்திப் பார்த்தனர். அப்படியும் கடன் தீராமல் 1911-இல் அது விற்பனைக்கு வந்தது. 1936 நவம்பர் 30-ஆம் நாள் இரவு தீக்கிரையாயிற்று.

ஆனால் அதே மண்டபத்தை நம் இனத்தார் பயன்படுத்திய விதம் வேறு. 1888 முதல் பல ஆண்டுகள் பிரிட்டிஷ் கூட்டுறவாளர்கள் தங்கள் தேசியத் திருவிழாவை அங்கு நடத்தினார்கள். உற்பத்திச் சங்கங்களின் சரக்குகளும், தொழிலாளர் வளர்த்த மலர்களும் காய்கனிகளும் அங்கு வைக்கப்பட்டன. பெரும் பாடகர் குழுக்கள் பாடின. விழா முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பினர். கூரையின் பழுதைப் பார்ப்பது கம்பெனியின் பாடு.

நம் சங்கங்களுக்கும் அவ்வழியே ஏற்றது என்பது நம் கருத்து. மண்டபத்தைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுக்கலாம். பக்கத்துக் காய்கறிச் சங்கமும் பங்கேற்றால் வாடகை பாதியாகும். ஒவ்வொரு துணியிலும் நெய்தவர் பெயரும் விலையும் பொறித்த சீட்டு இருக்கட்டும். நெசவாளரே கடையில் நின்று பதில் சொல்லட்டும்.

மேற்சொன்ன சங்கத்தின் மகாசபை விரைவில் கூடவிருக்கிறது. மண்டபத் தீர்மானத்தை எடுக்குமுன், நூல் வாங்கிய வகையில் நிற்கும் பாக்கிப் பட்டியலைச் செயலாளர் உரக்கப் படிக்குமாறு அங்கத்தினர்கள் கேட்பார்களாக.