பைபாஸ் என்ற சொல் செய்யும் வம்பு

மூளையில் செய்யும் ஒரு அறுவை சிகிச்சைக்கும் பைபாஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பாதி வம்புக்கு அந்தப் பெயர்தான் காரணம் என்பேன். பைபாஸ் என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? ரோடு போட்டார்கள், ரிப்பன் வெட்டினார்கள், மறுநாள் லாரி ஓடியது. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கற்ற சொல்லும் சளைத்ததல்ல. அவர்கள் 'பொந்தாழ்' என்பார்கள், பாலம் கட்டுவது என்று பொருள். பாலமும் திறந்த அன்றே நடக்கத்தான்.

என் ஒன்றுவிட்ட தங்கையின் பேத்திக்கு ஒன்பது வயது. மொயாமொயா என்ற நோய்க்காகத் தலையில் ஆபரேஷன் ஆயிற்று. இருபதாம் நாள் கை மரத்தது. உடனே சொந்தக்காரர்கள் கூடி, "காசும் போச்சு, பலனும் இல்லை" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஆயுள் முழுக்க அரசாங்கக் காகிதம் புரட்டியவன் நான். நான்கு பக்கம், மாத்திரைப் பெயர்கள், தையல் பிரிக்கும் தேதி. புதிய ரத்தக்குழாய் வளர எத்தனை மாதம் ஆகும் என்று ஒரு வரி கிடையாது.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள், மண்டைக்குள் நுழைந்த இடத்தில் மெல்ல மெல்லச் சுருங்கி அடைகின்றன. ஈடுகட்ட, மூளையின் அடிப்பகுதியில் நூல் நூலாகக் குழாய்கள் பெருகுகின்றன. ஆஞ்சியோ படத்தில் அது புகை மண்டலம்போல் தெரியும். ஜப்பானிய மருத்துவர்கள் சுசுகியும் தக்காக்குவும் 1969-இல் அதற்கு மொயாமொயா என்று பெயரிட்டார்கள். புகைபோல மங்கல் என்று அர்த்தம்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நெற்றிப்பொட்டு அருகே ஓடும் தோலடி நாளத்தை மூளை நாளத்தோடு நேராகத் தைப்பார்கள். இதை 1967-இல் முதலில் செய்தவர் யாசர்கில். இதில் ரத்தம் அன்றே ஓடும். குழந்தைகளின் நாளம் மிகவும் மெல்லியது என்பதால் பல சமயம் தைப்பதில்லை. நாளத்தை வெட்டாமல், மூளையின் மேல் பதித்து வைத்துவிடுகிறார்கள். மல்லிகைக் கொடியைப் பதியன் போடுகிறோமே, அதேபோல. ரத்தத்துக்கு ஏங்கும் மூளை அந்த நாளத்திலிருந்து புதுக் கிளைகளை இழுத்துக்கொள்கிறது. தாகம் இல்லாத இடத்தில் அவ்வளவாக முளைக்காது. இதற்கு மூன்று மாதம் ஆகும், ஆறு மாதமும் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். பதியன் போட்ட மூன்றாம் வாரம் பூ கேட்பவரை என்ன சொல்வது?

காத்திருப்பது என்றால் கண்ணை மூடிக்கொள்வது அல்ல. முதல் மாதம்தான் அதிக ஆபத்து. கை மரத்தாலோ பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே டாக்டரிடம் ஓட வேண்டும். உடம்பில் நீர் வற்றக்கூடாது. குழந்தையைத் தேம்பித் தேம்பி அழ விடக்கூடாது, பலூன் ஊத விடக்கூடாது. மூச்சு வேகமானால் மூளை நாளங்கள் சுருங்கும். கண்ணாடிக் காம்போ ஹெல்மெட்டோ நெற்றிப்பொட்டை அழுத்தக்கூடாது, உயிர் ஓடும் வழி அதுதான். இத்தனையும் வீட்டார் செய்யவேண்டிய வேலை. ஆனால் அவர்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. "ஆபரேஷன் சக்சஸ்" என்று கைகுலுக்கி அனுப்புகிறார்கள்.

அந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப் நுழைகிறது. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, தேன் கலந்த கஷாயம் புது ரத்தக்குழாயை வளர்க்குமாம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரே இதை எனக்கு அனுப்பினார். ஐயா, புதுக்குழாய் வளர்வதுதானே அந்த நோயின் அடையாளமே! அந்தப் புகைக் குழாய்கள் மூளை தானாக வளர்த்தவை. பலமில்லாதவை, பெரியவர்களுக்கு வெடித்து ரத்தம் கசிவதும் உண்டு. வேண்டியது வெளியிலிருந்து வரும் உறுதியான கிளைகள். அவை தழைத்தால் புகை தானே மெலிவதையும் படத்தில் பார்க்கலாம். எந்தக் கஷாயம் நாளத்தைத் தூக்கிக்கொண்டுபோய் மூளைமேல் வைக்கும்?

ரத்தம் கசிந்த பெரியவர்களை ஜப்பானில் ஐந்து ஆண்டு கவனித்தார்கள். 2014-இல் வெளியான முடிவில், ஆபரேஷன் செய்யாதவர்களில் 31.6 சதவீதம் பேருக்கு மறுபடி கசிந்தது, நேரடி பைபாஸ் செய்தவர்களில் 11.9. பலனே இல்லை என்று திண்ணையில் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஆறாம் மாதத்துக்கு மேல், ஒரு வருடத்துக்குள் எடுக்கும் ஆஞ்சியோ படம்தான் உண்மையான தீர்ப்பு. வீட்டுக்கு அனுப்பும்போதே அதன் தேதியைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.