உயிரைப் பறிப்பது வேறு! மரணத்தை மறிக்காமல் இருப்பது வேறு!

வாப்பாவுக்கு எண்பது வயது. புற்றுநோய் உடலெங்கும் பரவி விட்டது. இனி குணமாக்க வழியில்லை என்று மருத்துவரே கைவிரித்து விட்டார். ஆனாலும் தொண்டையில் குழாய், செயற்கைச் சுவாசம், தீவிர சிகிச்சைப் பிரிவு. பில் கட்ட மகன் கடையை அடமானம் வைக்கிறான். போதாததற்கு வட்டிக்கும் வாங்குகிறான். ஏன் என்று கேட்டால், "மெஷினை எடுத்தால் வாப்பாவைக் கொன்ற பாவம் வருமே ஹஜ்ரத்!" என்கிறான்.

சகோதரர்களே! இல்லாத ஹராமுக்கு அஞ்சி, வட்டி எனும் பகிரங்க ஹராமில் விழுவது தான் மார்க்கமா?

கொலை ஹராம் என்பதில் சந்தேகமே இல்லை. திருக்குர்ஆன் (4:29) அதைத் தடுக்கிறது. துன்பம் தாளாமல் மரணத்தை விரும்புவதைக் கூட நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் (புகாரி 5671). விஷ ஊசி போட்டு முடிப்பதற்குக் 'கருணை' என்று பெயர் சூட்டினாலும் அது கொலையே. நம் நாட்டுச் சட்டமும் அதை அனுமதிக்கவில்லை.

ஆனால் பயனற்றுப் போன சிகிச்சையை நிறுத்துவது கொலையாகுமா? வலிப்பு நோயால் அவதிப்பட்ட பெண்ணிடம், பொறுமை காத்தால் சொர்க்கம், விரும்பினால் குணமாகப் பிரார்த்திக்கிறேன் என்று நபி (ஸல்) அவர்கள் இரண்டு வழிகளைக் காட்டினார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார் (புகாரி 5652). எல்லா நிலையிலும் சிகிச்சை கட்டாயக் கடமை என்றால் இந்தத் தேர்வுக்கே இடமில்லையே! மூளையின் இயக்கம் மீளாதபடி முற்றிலும் நின்று விட்டதாக நிபுணர்கள் முடிவு செய்தால், இதயம் கருவியால் துடித்தாலும் கருவியை அகற்றலாம் என்று 1986ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் தீர்மானித்தது.

உச்ச நீதிமன்றமும் 2018ல் இதற்கு வழி திறந்தது; 2023ல் அதை எளிதாக்கியது. சுயநினைவோடு இருக்கும் போதே, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். மருத்துவர்களின் இரண்டு குழுக்கள் ஆராய்ந்த பிறகே சிகிச்சை நிறுத்தப்படும்.

இதை ஜும்ஆ மேடையில் சொன்ன ஆலிம்கள் எத்தனை பேர்? நம் மவுனம் யாருக்கு லாபம்? நாள் கணக்கில் பில் போடும் மருத்துவமனைகளுக்கு!

செலவுக்குப் பயந்து, குணமாகக் கூடிய தாயையும் "ஆயுள் முடிந்தது" என்று வீட்டுக்குத் தூக்கி வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் இதில் ஆதாரம் தேட வேண்டாம். சிகிச்சையை நிறுத்தலாம், பராமரிப்பை நிறுத்தக் கூடாது. வலிக்கு மருந்து, வறண்ட உதட்டுக்குத் தண்ணீர், காதருகே கலிமா. இவை கடைசி மூச்சு வரை அவர்களின் உரிமை.

1993ல் கோழிக்கோட்டில் துவங்கிய வலி தணிப்பு இயக்கம் மலப்புறத்தின் மஹல்லாக்கள் வரை பரவியது. நோயாளியின் வீடு தேடிச் செல்கிறார்கள் தொண்டர்கள். கந்தூரிக்கு வசூலிக்கத் தெரிந்த நம் ஜமாஅத்துகளுக்கு இது முடியாதா?

வியாபாரிகளே! வஸிய்யத் செய்யப் பொருள் உள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபிமொழி (புகாரி 2738). கடைக் கணக்கை இரவோடு இரவாக எழுதுகிறீர்கள். இதையும் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளை வட்டிக்கடை வாசலில் நிறுத்தி விட்டு மவ்த்தாகாதீர்கள்!